மரங்கொத்தி செய்த அக்கா

அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது மலை ஏறும் ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கி வந்த லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. எங்கள் பஸ் அதற்குக் கீழே. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் பீடி பற்ற வைத்தார். மலைக்காரர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். இறங்கி, தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்துக் கொய்யாப்பழம் தின்ன ஆரம்பித்தார்கள். நான் கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக வேலையில் சேரப் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாளே நேரமாகிறதே என்று கவலை இருந்தாலும் உட்கார்ந்துதான் இருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

ஒரு பெண் மட்டும் உட்காரவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்திருந்தார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். லாரி டிரைவரிடம் ஏதோ சொன்னார். திரும்பி வந்து எங்கள் டிரைவரிடம், "எப்பண்ணே எடுப்பீங்க?" என்றார்.

"லாரி நவுந்தாத்தானுங்க."

அவ்வளவுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரிக்கும் பாறைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் புகுந்து, மேலே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, நடந்து மேல போய்ச் சேர முடியுங்களா?" என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"எங்கீங்க முடியுது? அந்தம்மா அப்படித்தான். நம்ம ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற அம்மா."

வெகுநேரம் கழித்து லாரி நகர்ந்தது. பஸ் சில வளைவுகள் ஏறியதும், ரோட்டோரமாக விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த அவரை ஏற்றிக்கொண்டோம். வியர்த்து வழிய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததில் அவருக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சமாகவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. அதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ட்டி" என்றார், அதுவரை பார்த்தே இராத என்னிடம். "ஆனா நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்."

அக்கா திருநெல்வேலிப் பக்கம். நான் ராசிபுரம். குவார்ட்டர்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். நான் "ஏனுங்க்கா" என்று கூப்பிட்டால், "எதுக்குட்டி இப்படி ங்க ங்கன்னு கொசு மாதிரி பாடுத?" என்பார். பதிலுக்கு நான் அவருடைய "ஏட்டி"யைப் பேசிக் காட்டுவேன். சரியாக வராது. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே துணி மடிப்பார், மடித்துக்கொண்டே வாசலை எட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு வேலையோடு அவர் இருந்து நான் பார்த்ததில்லை.

அவர் அடுப்பில் பால் பொங்கியதே கிடையாது. பொங்குகிறவரைக்கும் யார் நிற்பது? வெதுவெதுப்பான பாலில் டீத்தூளைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிடுவார். குக்கரின் ஆவி அடங்குமுன் அதைத் தூக்கிக் குழாயடியில் பிடிப்பார். பல் தேய்த்துக்கொண்டே வாசல் கூட்டுவார். லேபில் ரத்தம் எடுத்த டியூப்களை மெஷினில் சுழலவிட்டுவிட்டு, அது நிற்கும்வரை அதன் மூடிமேல் விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பார். டொக் டொக் டொக். பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சத்தத்திலேயே தெரியும், அக்காவுக்கு இன்று மனசு சரியில்லையா, சரியாக இருக்கிறதா என்று.

எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த பாவாயி அக்கா அரியூர் நாட்டுக்காரர். நாலைந்து ஊர் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். அவர் சொல்வார்: "அந்தம்மா காலுல சக்கரமுங்க கண்ணு. படுத்தாக்கூட கட்டிலு நவுந்து போயிருமாட்ட இருக்குது."

ஆனால் மலை ஜனங்களுக்கு அந்த அவசரம் பிடித்திருந்தது. ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் ரத்தம் கொடுக்க வருகிறார் என்றால், பாதி தூரம் நடை, பாதி மினி பஸ். அவரிடம் போய் "ரிசல்ட்டுக்கு நாளைக்கு வாங்க" என்று எப்படிச் சொல்வது? அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை ஒரு கர்ப்பிணிப் பெண், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ரிசல்ட் வாங்காமல் கிளம்பிவிட்டாள். அவளுக்கு ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. அக்கா அதைப் பார்த்த மாத்திரத்தில், வெள்ளைக் கோட்டோடும் கையுறையோடும் ரோட்டுக்கு ஓடினார். மினி பஸ் கிளம்பிவிட்டிருந்தது. மேட்டில் அது முக்கி முக்கி ஏறுவதற்குள் பின்னாலேயே ஓடிப் பிடித்து, தகரத்தில் படபடவென்று தட்டி நிறுத்தி, அந்தப் பெண்ணைக் கையோடு இறக்கிக் கூட்டிவந்தார். அன்று மாலையே அவளை ஆம்புலன்ஸில் நாமக்கல்லுக்கு அனுப்பினோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

"கூப்பிட்டு விட்டிருந்தா நாளைக்கு வந்திருப்பாளுங்க்கா" என்றேன் அன்று.

"நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

லேப் ரிசல்ட்டையெல்லாம் போனில் ஒரு ஆப்பில் ஏற்ற வேண்டும். மலையில் நெட் வருவதும் போவதும் நம் கையில் இல்லை. ஏற்றப் போனால் 'மறுபடி முயற்சி செய்க' என்று வரும். தட்டினால் மறுபடி அதே. பஞ்சு வைப்பதும் போனைத் தட்டுவதுமாக அக்காவின் பகல் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில், பிஸ்கட் டின் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு லேபுக்குள் வந்தார்.

டின்னுக்குள் இருந்தது ஒரு மெஷின். செம்மேட்டு ரிப்பேர் கடையில் செத்துப்போய்க் கிடந்த டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கி, அதன் தட்டு வெளியே வந்து உள்ளே போகும் பாகத்தை மட்டும் கழற்றியிருந்தார். அதன்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். மோட்டாரில் ஐஸ் குச்சியால் ஒரு கை. எல்லாவற்றுக்கும் உத்தரவு போட உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. அந்த போர்டைத் தபாலில் வரவழைக்கப் பட்ட பாட்டைத் தனிக்கதையாகவே சொல்லுவார். பார்சல்காரர் மலையடிவாரத்தோடு நின்றுவிட, பஸ் கண்டக்டர் ஒருவர் அதை மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

"எதுக்குங்க்கா இது?"

"எனக்குப் பதிலா இது தட்டும்."

தட்டியது. ஆனால் போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குச்சி போய்க் கண்ணாடியில் டொக்கென்று விழும், திரை அப்படியே கிடக்கும். பென்சில், ரப்பர், பேனா மூடி எல்லாம் கட்டிப் பார்த்தார். "தொடுறது மனுசத் தோல்னு நம்ப வைக்கணும்ட்டி. உள்ள ஈரம் இருக்கணும், கரண்டு ஓடணும். செத்த குச்சிக்கு இது அசைய மாட்டக்கு" என்றார். பாவாயி அக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், மதியச் சோற்றுக்கு வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டை நீட்டி, "இதுல ஈரம் இருக்குதுங்களே" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். அக்கா வாங்கிச் சீவிக் குச்சி முனையில் குத்தினார். ஒரு கம்பியால் அதை பிஸ்கட் டின்னோடு இணைத்தார். கிழங்கு போய் இறங்கியது. திரை திறந்துகொண்டது!

நாங்கள் போட்ட கூச்சலில் டாக்டர் தம்பி ஓடிவந்துவிட்டார். சேலத்துக்காரர், படித்து முடித்து நேரே மலைக்கு வந்தவர். கிழங்கு போனைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, கடைசியில கிழங்கையும் வேலைக்கு வெச்சிட்டீங்களா?" என்றார்.

கிழங்கு சாயங்காலத்துக்குள் காய்ந்து போனது. பிறகு பஞ்சை நனைத்து, வெள்ளித்தாள் சுற்றி ஒரு விரல் செய்தார். அது நன்றாக உழைத்தது, அவ்வப்போது நனைத்துவிட்டால் போதும். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு டொக் டொக்கென்று அது குனிந்து நிமிர்வதைப் பார்த்து, பாவாயி அக்கா அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தார். மறுநாளிலிருந்து ரிசல்ட் ஏற்றுவது மரங்கொத்தியின் வேலை ஆயிற்று. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்கள். ஊசி குத்தியதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும் அக்கா மரங்கொத்தியை டின்னோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் அதற்கு என்ன வேலை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டொக் என்றது. பிறகு ஒரு பெண் குரல். தமிழில்லை, எனக்குப் புரியாத ஏதோ பாஷை. மளமளவென்று எதையோ சொல்லி நின்றது. மறுபடி டொக். மறுபடி அதே குரல், அதே வேகம். கேட்கக் கேட்க எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. எண்ணெய்த் தலையோடு எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் மேடையில், அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய போன். பக்கத்தில் மரங்கொத்தி. விரல் இறங்கிப் பச்சைப் பொத்தானைத் தொட்டது. திரையில் 'தம்பி' என்று வந்தது. சற்றுப் பொறுத்து அந்தப் பெண் குரல். விரல் நகர்ந்து போய்ச் சிவப்பைத் தொட்டது. பிறகு மறுபடி பச்சை.

"போன் அணைச்சு வெச்சிருக்குன்னு சொல்லுதா" என்றார் அக்கா. "அரபியில. எனக்கு மனப்பாடம் ஆயிட்டு." அந்தக் குரலைப் போலவே ஒரு மூச்சில் சொல்லியும் காட்டினார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அக்காவின் கூடப்பிறந்த தம்பி, வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போனவன். போன இடத்தில் சொன்ன வேலை இல்லை. 'முதலாளி சரியில்லக்கா, வேற எடம் பாக்கேன், அப்புறமா பேசுதேன்' என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு போனே இல்லை. மாதக்கணக்கில் இல்லை. கூடப் போனவர்களுக்கும் தெரியவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் ஊரிலேயே இல்லை. மனுக் கொடுத்த இடத்தில், 'எந்த ஊர்ல இருக்கான்னாச்சும் சொன்னாத்தாம்மா தேட முடியும்' என்றார்கள். அம்மா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்: பொறுமையா இரு.

"போன்லயே அதுக்கு ஆப் இருக்குமேங்க்கா, தன்னால கூப்பிடுற மாதிரி?"

"போட்டுப் பாத்தாச்சு. சிக்னல் போனா அதும் படுத்துக்கிடுது. எழுப்பி விட ஆளு வேணும்." வெங்காயத்தை நிறுத்திவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "முதல்ல நானேதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். லேப்ல, ஒவ்வொரு ஆளுக்கு நடுவுலயும். ஒருநாள் ரெண்டு பேரு ரத்தத்தைப் பேரு மாத்தி ஒட்டிட்டேன்ட்டி. கை பாட்டுக்கு ஒட்டுது, மனசு போன்ல கெடக்கு. எழுதப் போற நேரத்துல கண்ணுல பட்டுது, கிழிச்சு மாத்தி ஒட்டிட்டேன். ஒரு ஆளு சும்மா காய்ச்சல்னு வந்தவரு. இன்னொருத்தரு ரத்தத்துல என்னென்னமோ இருந்துச்சு. மாறிப் போயிருந்தா?"

வெங்காயக் கண்ணீரா என்னவோ, முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே முடிவு பண்ணேன். இந்தக் கை ரத்தம் எடுக்கட்டும். கூப்பிடுறதுக்கு வேற கை செய்வோம்னு. ஆஸ்பத்திரி ஆப்புக்குன்னு உங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொறவு வந்ததுதான்."

அதற்கப்புறம் சுவர் வழியாக அந்த அரபிப் பெண் பேசுவது எனக்கும் பழகிப்போனது. காலையில் நான் தோசை சுடும்போது பேசுவாள். மழை பெய்யும்போது பேசுவாள். அக்கா லேபில் மெஷின் மூடியில் தட்டுவதும் குறையவில்லை. மரங்கொத்தி அவருடைய ஒரு வேலையைத்தான் வாங்கிக்கொண்டது, அவருடைய தவிப்பை அல்ல. கிழக்கே முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார், மேற்கே நடப்பார். ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்க வாங்கிய விண்ணப்பத்தை நிரப்பாமலே வைத்திருந்தார். "இங்கன கிடைக்கிற சிக்னலு ஒரு மூலையிலயாச்சும் நிக்கி. புது இடத்துல எப்படியோ" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒருநாள், ஆலத்தூர் நாட்டில் ஒரு ஊரில் ரத்தப் பரிசோதனை முகாம். அக்கா போயே ஆக வேண்டும். அங்கே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அன்று எனக்கு ஓய்வு நாள். சாவியை என் கையில் கொடுத்து, "பஞ்சு காஞ்சிருந்தா நனைச்சு விடுட்டி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பதினோரு மணிவாக்கில் போனேன். வெளியே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. பஞ்சை நனைத்துவிட்டுத் திரும்பினேன். விரல் பச்சையைத் தொட்டது. நான் கதவுவரை போயிருப்பேன். அந்தப் பெண் பேசவில்லை.

மணி அடித்தது. எங்கோ தூரத்தில், ட்ர்ர், ட்ர்ர் என்று மணி அடித்தது.

திரும்பினேன். பார்த்தால் மரங்கொத்தி தன் வழக்கப்படி சிவப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும்? ஓடிப்போனேன். போனை எடுத்தால் சிக்னல் போய்விடும். மெஷினை எப்படி நிறுத்துவது என்று அக்கா எனக்குச் சொல்லித் தந்ததில்லை. போனுக்கும் விரலுக்கும் நடுவே என் கையை நீட்டினேன். ஈரப் பஞ்சு என் புறங்கையில் சில்லென்று கொத்தியது. விலகியது. மறுபடி கொத்தியது.

"ஹலோ" என்றது ஒரு ஆண் குரல்.

"ஹலோங்க! வெச்சிராதீங்க, வெச்சிராதீங்க. நான் உங்க அக்காகூட வேலை பாக்குற நர்ஸுங்க."

"அக்கா இல்லியா?"

"முகாமுக்குப் போயிருக்காங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான். "இப்பத்தான் போனு கைக்கு வந்துச்சு. ஆன் பண்ணேன், பண்ணதும் அடிக்கி." முதலாளியிடமிருந்து ஓடியதையும், பாஸ்போர்ட் அவரிடமே மாட்டிக்கொண்டதையும், போலீஸ் பிடித்து அடைத்துப் போட்டதையும், இப்போது யாரோ ஒருவர் வெளியே எடுத்துத் தன் அறையில் வைத்திருப்பதையும் விட்டு விட்டுச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பஞ்சு என் கையைக் கொத்தியது. "அக்காகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. நான் ஒரு நிலைக்கு வந்துட்டுப் பேசுதேன். அதுவரை பொறுமையா இருக்கச் சொல்லுங்க."

"அதை மட்டும் அவங்ககிட்ட என்னால சொல்ல முடியாதுங்க" என்றேன். "எந்த ஊர்ல இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சொன்னா இங்க கெளம்பி வந்துருவா."

"வரட்டுங்க. சொல்லுங்க சாமி."

எப்படி வந்ததோ, எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல 'சாமி' என்று வந்துவிட்டது. அவன் அழுதுவிட்டான் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னான், பக்கத்தில் ஒரு பெரிய மார்க்கெட் இருப்பதைச் சொன்னான், சார்ஜ் போகப்போகிறது என்றான். போனது.

நான் தெருவுக்கு ஓடினேன். பாவாயி அக்காவின் வீட்டுக்காரர், மேகத்துக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஆலத்தூர் நாட்டுக்குக் கிளம்பினார். அக்கா அவர் பின்னால் உட்கார்ந்து, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வந்ததும் அவரே பச்சையைத் தொட்டார். அரபிப் பெண் பேசினாள்.

என் பக்கம் திரும்பினார். "முதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். அடைத்துப் போட்டதையும் மறைக்கவில்லை. "இருமுனானா? பேச்சு நின்னு நின்னு வந்துச்சா? சாப்பிட்டானான்னு கேட்டியா?" கேட்கவில்லை. அது எனக்கு இன்றுவரை மனத்தாங்கல்தான். என் புறங்கையைப் பிடித்துப் பார்த்தார். கொத்திய இடம் சிவந்து ஈரமாக இருந்தது. அதைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, ஈரத் துணியைக்கூட மாற்றாமல் பையை எடுத்தார். டாக்டர் தம்பி லீவுக்குக் கையெழுத்துப் போடுவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார்.

அதன்பின் அவர் அலைந்ததை எல்லாம் பிறகுதான் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டேன். ஊர்ப் பெயர் இருந்ததால் மனுவுக்கு உயிர் வந்தது. அந்த ஊரிலிருந்த தமிழ்க்காரர்கள் சிலர் மார்க்கெட் பக்கம் தேடிப் பிடித்தார்கள். மற்றதெல்லாம் அலுவலகம், வராண்டா, நாற்காலி. "உக்காருன்னா உக்காந்துருவேன்ட்டி. எந்திரிச்சு நடந்தா என் பேரைக் கூப்பிட்டுட்டுப் போயிருவானோன்னு பயம். என் காலை நானே கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். ஒருவழியாகத் தம்பி தற்காலிகப் பாஸ்போர்ட் ஒன்றோடு வந்து இறங்கினான்.

ஊரில் அவனை வைத்திருக்க முடியவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அக்கா அவனை மலைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

உயரமானவன், அக்கா சாயல். ஆனால் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. கொடுத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடு என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். போன் அடித்தால் மட்டும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். அக்கா அன்றே மரங்கொத்தியைப் பிரித்து, மோட்டாரைத் தனியாக, போர்டைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிட்டார். யாரிடமும் பேசமாட்டான். அக்காவிடமும்தான். கேட்டதற்குத் தலையாட்டல், அவ்வளவே.

அக்காவுக்கு இது தாங்கவில்லை. "வந்துட்டான்லா, பேச வேண்டியதானே" என்று என் வீட்டு வாசலில் நடந்துகொண்டே சொல்வார். டாக்டர் தம்பி, கொஞ்சநாள் விட்டுப் பிடிக்கணும், அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்பாரா? அருவிக்குக் கூட்டிப்போனார். கோவிலுக்குக் கூட்டிப்போனார். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் வாங்கி அவனைச் சுமக்க வைத்தார். அவன் சுமந்தான். இறக்கச் சொன்னபோது இறக்கினான்.

அடுத்த வருஷம் அக்கா மாறுதல் வாங்கிக்கொண்டு தம்பியோடு ஊருக்குப் போய்விட்டார். அவன் இப்போது அங்கே சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அக்கா போன் பண்ணுவார், நான் பேச ஆரம்பிக்கும்போது வைத்துவிடுவார். எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது லேபும் மரங்கொத்தியும் அல்ல, மலைமேலேயே இருக்கும் வாசலூர்பட்டி ஏரியின் படகுதான்.

அது அவர்கள் மலையை விட்டுப் போகுமுன், தம்பி இன்னும் பேசாதிருந்த காலத்தில் ஒரு விடுமுறை நாள். மழை விட்டு வெயில் அடித்தது. படகு இல்லத்தில் சுற்றுலாக்காரர்கள் கூட்டம். அக்கா வரிசையில் நின்று, அதாவது வரிசைக்கு வெளியே நின்று சண்டை போட்டு, ஒரு மிதிப்படகு பிடித்தார். முன்னால் அக்காவும் தம்பியும். பின் இருக்கையில் நான். முன்னால் இருந்த இருவருக்கும் நடுவில் படகைத் திருப்பும் கம்பி.

ஏறியதும் அக்கா மிதிக்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் போட்டியில் மிதிப்பதுபோல மிதித்தார். தம்பி கால்களை மிதிகட்டையிலிருந்து தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருப்பும் கம்பியை யாரும் பிடிக்கவில்லை. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஏரி நடுவில் படகு வட்டம் போட ஆரம்பித்தது. கரை வந்தது, மலை வந்தது, டிக்கெட் கொட்டகை வந்தது, மறுபடி கரை வந்தது. கரையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். படகுக்காரர் விசில் ஊதி, "ஏனுங்கம்மா, கம்பியப் புடிங்க, கம்பியப் புடிங்க!" என்று கத்தினார். அக்காவுக்கு அது காதிலேயே விழவில்லை. மூச்சு வாங்க, முகம் சிவக்க, நேரே பார்த்துக்கொண்டு மிதித்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தலை சுற்றியது. அக்கா அழுகிறார் என்பது பின்னாலிருந்து பார்த்த எனக்கே தெரிந்தது, தோள் குலுங்கிய விதத்தில்.

தம்பியின் கை மடியிலிருந்து எழுந்தது. கம்பியைப் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கியது. படகு சுற்றுவதை விட்டுவிட்டு, சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பியது.

"பையக்கா" என்றான். "பைய."

மெதுவாக என்பதற்கு அவர்கள் ஊரில் அந்தச் சொல்தான். அக்காவோடு இருந்த அத்தனை காலத்திலும் அவர் வாயிலிருந்து அதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அக்கா திரும்பி அவனைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார், கேட்கவில்லை. மிதிப்பதை அவர் நிறுத்தவும் இல்லை. ஆனால் மெதுவாக மிதித்தார். கொஞ்ச தூரம் போனதும், பக்கத்து மிதிகட்டையில் தம்பியும் கால்களை எடுத்து வைத்தான்.